களிமண்ணுக்குள் எண்ணெய் வைத்த ஊர்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டிலிருந்து புறப்பட்டோம். காரை ஓட்டியது நான். பக்கத்தில் என் தம்பி குகனின் மனைவி சுகந்தி. பெற்றோலியா என்ற சிறிய ஊருக்கு ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர்.

குகன் எரிபொருள் சேமிக்கும் தாங்கிகளின் உட்புறத்தைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்தான். மூன்று வருடங்களுக்கு முன், ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு தாங்கிக்குள் கசடு சுரண்டப் போனவன் உயிருடன் திரும்பவில்லை. உள்ளே தேங்கிய வாயு என்றார்கள். தாங்கி நின்ற அந்த வளவுக்குள் எங்களை விடவேயில்லை. சுகந்தி பலமுறை கேட்டுப் பார்த்தாள். கனடாவின் ஆரம்பகால எண்ணெய்த் தாங்கிகள் இருந்த ஊரில் பழையது ஒன்றைத் திறந்து காட்டுகிறார்கள் என்று அண்மையில் எங்கோ அறிந்தாள்.

"மச்சாள், என்னை அங்கை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்று கேட்டாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கனடாவிலுள்ள லண்டன் நகரத்துக்கு முன் கோப்பி வாங்கினோம். அவள் குடிக்காமல் கையிலேயே ஆறவிட்டாள். லண்டனில் 401 நெடுஞ்சாலையை விட்டு 402இல் ஏறியதும் இருபுறமும் உழுத வயல்கள், காற்றாலைகள். பதினொரு மணியளவில் போய்ச் சேர்ந்தோம். கார்க் கதவைத் திறந்ததுமே எண்ணெய் மணம். குகனின் வேலை உடுப்பில் வரும் அதே மணம்.

சுற்றிக் காட்டியவர் ஹென்றி என்ற முதியவர். ஓர் எஞ்சினோடு பிணைத்த மரக்கழிகள் வயலெங்கும் கிறீச்சிட்டு முன்னும் பின்னும் அசைந்து, இன்றும் கிணறுகளிலிருந்து எண்ணெய் எடுக்கின்றன. தொடக்கத்தில் எண்ணெயைப் பீப்பாய்களில் நிரப்பிக் குதிரை வண்டியில் கொண்டுபோனார்களாம். மழை பெய்தால் சில்லுகள் சேற்றில் புதைந்துவிடும். பிறகு கிணறுகளிலிருந்து இரும்புக் குழாய்கள் பதித்தார்கள். குழாய்களில் வந்து சேர்ந்த எண்ணெயை வைக்க இடம் போதவில்லை. கெட்டியான நீலக் களிமண்ணை ஆழமாகத் தோண்டி, சுற்றிவரப் பலகை அடித்துத் தாங்கிகள் ஆக்கினார்கள். மேலே மனிதர்கள் குடியிருக்க, கீழே எண்ணெய் கிடந்தது.

திறந்திருந்த தாங்கியின் வாயில் கம்பிவலை போட்டிருந்தது. சுகந்தி முழங்காலிட்டு உள்ளே பார்த்தாள். அந்தக் காலத்திலும் இறங்கியவர்கள் சிலர் வாயுவால் மாண்டதாக ஹென்றி சொல்லத் தொடங்கி, அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினார். நான் குகனைப் பற்றிச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சுகந்தி ஒஷாவாவில் வங்கி வேலை பார்ப்பவள். ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

"கேளுங்கோ மச்சாள். உள்ளுக்கை எவ்வளவு நேரம் நினைவிருக்கும்?"

என் தம்பியைப் பற்றிய அந்தக் கேள்வியை நான்தான் கேட்க வேண்டியிருந்தது. ஹென்றி பக்கத்து நகரமான சார்னியாவில் தாங்கி வேலை பார்த்தவர். ஒருமுறை தானும் உள்ளே விழுந்ததாகவும், சகாக்கள் இழுத்து வெளியே போட்டதாகவும் சொன்னார். ஒன்றிரண்டு மூச்சுத்தான். விழுந்ததே தனக்குத் தெரியாது என்றார்.

சுகந்தி வலையைப் பிடித்தபடியே இருந்தாள்.

"அவர் என்னைக் கூப்பிட்டிருப்பார் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றாள். "கூப்பிட நேரம் இருந்திருக்காது, என்ன?"

"ஓம்," என்றேன்.

பின்னேரம் திரும்பினோம். சார்னியாவிலிருந்து ரொறன்ரோ வரை மண்ணுக்கடியில் குழாய்கள் ஓடுவதாக ஹென்றி சொல்லியிருந்தார். அந்தச் சின்ன ஊரில் பழைய தாங்கியைத் திறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். எங்கள் நகரத்தில் தாங்கிகள் வெள்ளை வெளேரென்று வானத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. வேலிக்கு அப்பால் நின்றுதான் நாங்கள் அவற்றைப் பார்க்கலாம்.

மில்ற்றனுக்குக் கிட்ட வரும்போது சுகந்தி வாய் லேசாகத் திறந்தபடி நித்திரையாகிப் போனாள். இந்த மூன்று வருடத்தில் அவள் அப்படித் தூங்கி நான் கண்டதில்லை. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன். அவளுக்குக் கிடைத்த ஆறுதல் எனக்குக் கிடைக்கவில்லை. யாரையும் கூப்பிடக்கூட என் தம்பிக்கு நேரம் கிடைக்கவில்லையே என்ற நினைப்போடு வீடுவரை ஓட்டினேன்.