பட்டன் டயரும் வடக்கனந்தல் கரும்புக் கொல்லையும்

இது சுற்றிப் பார்க்கப் போன பயணம் அல்ல. என் மகள் மங்கையைக் கல்வராயன் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வரப் போனது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம், மார்கழியின் கடைசி வாரம். மங்கை மலையில் கிராமச் செவிலியர். அன்று மதியம் இரண்டு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் அவளுக்கு இடமாறுதல் கலந்தாய்வு. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வாய்ப்பு போய்விடும். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவள் கணவர் சின்னசேலத்தில், குழந்தை எங்கள் வீட்டில், அவள் மலையில் என்று மூன்று வருடமாகக் குடும்பம் மூன்று துண்டாக ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் மாலையே மலைப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். கார் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்த என் மைத்துனர் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே கைப்பேசியை அணைத்துவிட்டார். அவர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

ஆகவே பைக். 150 சிசி, ஸ்போக்ஸ் சக்கரம், ட்யூப் டயர். இரண்டு வாரம் முன்புதான் இரண்டு டயரையும் மாற்றியிருந்தேன். டயர் விவரம் தேடி வந்தவர்கள் இங்கிருந்து கவனமாகப் படியுங்கள். என் குடும்பக் கதை தேவைப்படாதவர்களும் இங்கிருந்து தொடங்கலாம்.

சாலை டயர் தாரில் நன்றாகப் பிடிக்கும், ஈர மண்ணில் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். முழு பட்டன் டயரில் ரப்பர் கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும். சேற்றில் ராஜா. ஆனால் தாரில் ஓயாமல் ரீங்காரம் போடும், சீக்கிரம் தேயும், மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்த்தால் பிடி குறையும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. கட்டைகள் நெருக்கமாக இருக்கும். கடைக்காரர்கள் இதையும் பட்டன் டயர் என்றே விற்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை சுமார் நாற்பது கிலோமீட்டர் தார். அதற்கு அப்பால் மங்கையின் ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர் கல்லும் செம்மண்ணும். இந்தக் கலவைக்கு நடு ரகம்தான் சரி என்று முடிவெடுத்தேன். அந்த முடிவில் பாதி சரி.

வாங்கியது முருகவேல் கடையில். அவர் எனக்கு மூன்று வயது இளையவர், பள்ளியிலிருந்தே தெரியும். முப்பது வருடங்களுக்கு முன் இதே வட்டாரத்தில் இப்படித்தான் ஒரு போராட்டம் நடந்தது. கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்த என் பேருந்தை உளுந்தூர்பேட்டைக்கு முன்பாக மறித்த கூட்டத்தில் முருகவேல் முன்வரிசையில் இருந்தார். இறங்கிப் போய், நேர்காணல் இருக்கிறது, என்னை மட்டுமாவது நடந்து தாண்ட விடு என்று கேட்டேன். 'யாருக்கும் வழி கெடையாது' என்றார். எனக்குப் பதில் அந்த வேலைக்குப் போனவர் போன வருடம் கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்றார். நான் இன்னும் தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். கோரிக்கையோடு எனக்கு அன்றும் சண்டை இல்லை, இன்றும் இல்லை. சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடுதான். அப்புறம் ஏன் அவர் கடையில் வாங்கினாய் என்று கேட்பீர்கள். ஊரில் அந்த ரகம் வேறு எங்கும் இல்லை.

"இன்னா சார், மலைக்குப் போய்க்கினு வர்றதுக்கா? முன்னாடியும் பட்டனே போடுங்க. வண்டி கம்பீரமா இருக்கும்" என்றார்.

"கம்பீரம் எனக்கு எதுக்குங்க? மட்கார்டுல இடிக்காதா?"

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். "தாராளமா போவுது பாருங்க."

நானும் விரலை விட்டுப் பார்த்தேன். போனது. படித்தவன் என்ற முறையில் ஒரு ஸ்கேலும் வைத்துப் பார்த்தேன். போதும் என்றே பட்டது.

காற்றடிக்கும்போது பின்னால் இருபத்தெட்டு பி.எஸ்.ஐ. போதும் என்றேன். நாற்பது அடித்தார். எங்கள் ஊரில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். நெல் மூட்டையோ மரவள்ளிக் கிழங்கு மூட்டையோ ஏற்றாத பைக் இங்கே கிடையாது. அதனால் கை தானாக மூட்டைக் காற்று அடித்துவிடும்.

"நான் மூட்டை ஏத்தறதில்லீங்க" என்றேன்.

"இன்னிக்கி ஏத்தல. நாளைக்கி ஏத்துவீங்க. கம்மியா வெச்சா டயரு உக்காந்துடும் சார்."

முன், பின் டயர், ட்யூப், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 4,150 ரூபாய். பேரம் பேசினால் நூறு குறையலாம். அவரிடம் பேரம் பேச எனக்கு விருப்பமில்லை.

காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன். கச்சிராயபாளையம் வரை யாரும் இல்லை. சாலை ஓரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மட்டும் வரிசையாக நின்றன. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தூறல். ஈரத் தாரில் புது டயர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தேன். (புது டயரை முதல் நூறு கிலோமீட்டர் நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும், நான் அதுவரை ஓட்டியது பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும்.) டயர் ஒன்றும் செய்யவில்லை. பயந்தது நான்தான்.

வெள்ளிமலையில் டீ, பன்னிரண்டு ரூபாய். கடை வாசலில் நின்றவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "எந்த டிராக்டர் இப்ப டயரு இல்லாம நொண்டிக்கினு நிக்குதுன்னு தெரியலயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, மணி ஏழு ஆகியிருந்தது.

தார் முடிந்த இடத்தில் நாற்பது காற்று தன் வேலையைக் காட்டியது. பின் சக்கரம் கல்லைப் பிடிக்காமல் பந்து மாதிரி துள்ளியது. இரண்டு முறை வண்டி பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. நிறுத்தி, சாவி முனையால் வால்வு ஊசியை அழுத்திக் காற்றை இறக்கினேன். காற்றழுத்த அளவி கையில் இல்லை, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்ததுதான் அளவு. உடனே பிடி வந்துவிட்டது. கூடவே புதுக் கவலையும் வந்தது. ட்யூப் டயரில் காற்றைக் குறைத்தால், கூரான கல்லில் ஏறும்போது ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். போகும்போது நான் ஒருவன். வரும்போது இருவர்.

மங்கை தயாராக நின்றாள். ஆனால் ஒரு கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று கிளம்பப் பத்து மணி ஆக்கிவிட்டாள். இறங்கும்போது ஒவ்வொரு கல்லுக்கும் காது கொடுத்தேன். 'உஸ்' என்ற சத்தம் காற்றா, காடா என்று இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். காடுதான். கீழே கச்சிராயபாளையத்தில் காற்றடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். பஞ்சர் கடை முதல் பழக்கடை வரை எல்லாம் மூடிக் கிடந்தது.

வடக்கனந்தல் நெருங்கும்போது பன்னிரண்டு மணி. வழியை அடைத்துக் கரும்பு டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். முன்னால் ஐம்பது அறுபது பேர் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன பைக் ஒன்றைத் திருப்பி அனுப்புவது தெரிந்தது. அனுப்பிய கை யாருடையது என்றும் தெரிந்தது. முருகவேல்.

"கேட்டுப் பாக்கலாம்பா" என்றாள் மங்கை. "நர்ஸுன்னு சொன்னா வுடுவாங்க."

"வேணாம்மா."

"நான் போய்க் கேக்கறேன். நீங்க இங்கயே இருங்க."

"வேணாம்னு சொல்றேன்ல."

வண்டியை இடப்பக்கம் கரும்புக் கொல்லைப் பாதையில் திருப்பினேன். அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர் போனால் வேறு சாலையில் ஏறிவிடலாம். மலையில் பிடித்த டயர், காற்றும் குறைவாக இருக்கிறது, மண் பாதை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

மலை மண் வேறு, கொல்லை மண் வேறு. மலையில் கல்லும் சரளையும். ஒட்டியது அடுத்த சுற்றில் உதிர்ந்துவிடும். இது வாய்க்கால் தண்ணீரும் மழையும் ஊறிய களிமண். நெருக்கமான கட்டைகளுக்கு நடுவில் போய் அப்பிக்கொண்டு வெளியே வரவே வராது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன் டயர் வழவழப்பான மண் உருளையாகிவிட்டது. அப்புறம் அந்தச் சுண்டுவிரல் இடைவெளியில் மண் புகுந்து இறுகி, முன் சக்கரம் நின்றே போனது. நடை வேகத்தில் போனதால் பிழைத்தோம். இருவரும் பக்கவாட்டில் விழுந்தோம். மங்கையின் முழங்கையில் சிராய்ப்பு. கலந்தாய்வுக்குக் கட்டியிருந்த நீலப் புடவை இடுப்பு வரை சேறு.

கரும்புத் துண்டால் மண்ணை நோண்டி எடுத்தேன். பத்தடி தள்ளியதும் மறுபடி இறுகியது. மறுபடி நோண்டினேன். மணி பன்னிரண்டே முக்கால்.

"உங்க கோவத்துக்கு நான் சேத்துல நிக்கறேன்பா" என்றாள் மங்கை. சத்தம் போடவில்லை. புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

வண்டியின் டூல்ஸ் பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. மட்கார்டின் மூன்று போல்ட் வந்தது. நாலாவது துருப்பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. மட்கார்டை வளைத்து, மங்கை ஒரு பக்கம் மிதிக்க நான் ஒரு பக்கம் இழுக்க, பிய்ந்து வந்தது. பக்கத்துப் பம்புசெட் சுவரில் சாய்த்துவிட்டுக் கிளம்பினோம். அதற்குப் பிறகு சக்கரம் நிற்கவில்லை. மண் முழுவதும் எங்கள் முகத்துக்கு வந்தது.

ஒன்று ஐம்பதுக்கு அலுவலக வாசலில் இறக்கினேன். மங்கை உள்ளே போகும்போது ஒருவர், "இன்னாம்மா, நடவுல இருந்து நேரா வர்றியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஆமா சார், பாதி நட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். கலந்தாய்வு இரண்டு மணிக்குத் தொடங்கவில்லை. அதிகாரி மறியலில் மாட்டிக்கொண்டாராம். மூன்றரைக்கு ஆரம்பித்தார்கள். சின்னசேலம் பக்கம் இடம் கிடைத்தது. வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளியில் எனக்கு ஒருநாள் சம்பளம் பிடித்தார்கள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன், மனதில்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். வெள்ளிமலை வரை மட்டும் என்றால் சாலை டயரே போதும். உள்ளே கிராமங்களுக்குப் போவதென்றால் பின்னால் நடு ரகப் பட்டன் போடுங்கள். முன்னாலும் போடுவதென்றால் மட்கார்டை உயர்த்தி, இரண்டு விரல் தாராளமாகப் போகும்படி வையுங்கள். மழை நாளில் மலையை நம்பலாம், கீழே கொல்லையை நம்பாதீர்கள். அளவியும் கைப்பம்பும் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பத்து நாள் கழித்து, புது மட்கார்டு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தபடி முருகவேல் கடைக்குப் போனேன். என் பழைய மட்கார்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, தட்டி நிமிர்த்தி.

"ஒங்களுதுதான் சார். எம் மச்சான் கொல்லையில பம்புசெட்டாண்ட கெடந்துச்சாம். மண்ணுல டயரு தடத்தப் பாத்தேன், நாம வித்ததாச்சே. ஏன் சார் அந்தச் சேத்துல பூந்தீங்க? நான் ரோட்டுலதான ஒக்காந்துக்கினு இருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா வழி வுட்டிருப்பேனே."

"ஒரு வாட்டி கேட்டேன் முருகவேல்."

"எப்போ சார்?" என்றார், காற்றுக் குழாயைப் பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டே.

முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை.

குனிந்து அளவியைப் பார்த்தேன். நாற்பதில் நின்றது. இருபத்தெட்டுக்கு இறக்கச் சொன்னேன்.