பத்தாவது வளைவில் ஏறியவர்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் குடிப்பவன் இல்லை. கண்ணிலும் கோளாறு இல்லை, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மலைப்பாதையில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறேன். பாதி ஆயுள் அந்த ரோட்டில்தான் போயிருக்கிறது.

என் ஜீப்புக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். பழைய காலத்துப் பட்டை ஸ்பிரிங் வைத்த வண்டி. ஓர் ஆள் ஏறினால் 'கிரீச்' என்று கத்திக்கொண்டு ஏறிய பக்கம் லேசாகத் தாழும். திரும்பிப் பார்க்காமலே எத்தனை பேர் ஏறினார்கள், எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். ஸ்டாண்டில் இதை வைத்தே என்னை ஓட்டுவார்கள்.

என் அக்காவின் கணவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். ஊருக்குள் அவர் பெயர் 'ஒரிஜினல்'. எதை எடுத்துக் கொடுத்தாலும் "ஒரிஜினல் சார், கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க" என்பார். அந்தக் கடையில் ஒரிஜினலாக இருந்தது அவர் பட்டப்பெயர் மட்டும்தான். பழைய ஜீப்புகளுக்குக் கம்பெனி சாமான் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது. அந்தச் சந்தில்தான் மாமா வண்டி ஓட்டினார். ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்துக்குள் இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கும். நல்ல மூட்டில் கிண்ணம் எஃகு. மாமா விற்றதில் பிளாஸ்டிக். மேலே ரப்பர் மூடி வந்துவிடுவதால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அட்டைப் பெட்டி மட்டும் பளபளவென்று இருக்கும்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் இருந்தார். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் அவர் சித்தப்பா. எதிரே வண்டி வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவார். போன மழைக்காலத்தில், டவர் ரிப்பேருக்குப் போன இரண்டு பையன்களோடு, பத்தாவது வளைவில் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போனார். மூன்று பேரும் அங்கேயே முடிந்துபோனார்கள். உடல்களை எடுத்துவிட்டார்கள். ஜீப் மட்டும் சரிவில் பாறையில் சிக்கி நின்றது.

ஒரு வாரம் கழித்து வண்டி ஆய்வாளர் வந்து பார்ப்பதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், சுமார் நான்கு மணிக்கு, மாமா ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் ஒரு கனமான பை.

"மாப்ள, மேல வரைக்கும் ஒரு வேலை இருக்கு. போயிட்டு உடனே வந்துடலாம்."

"என்ன வேலை மாமா?"

"போற வழியில சொல்றேன்."

சொல்லவில்லை. வழியில் அக்காதான் போன் பண்ணினாள். "மனசே சரியில்லடா. இருட்டுறதுக்குள்ள அவரப் பத்திரமா கூட்டிட்டு வந்துடு." சரி என்றேன். மாமாவை எனக்குப் பிடிக்காது. ஆனால் அக்காவுக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் அவரை விட்டால் ஆள் கிடையாது. அவரை முழுசாக வீடு சேர்ப்பது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

பத்தாவது வளைவில் நிறுத்தச் சொன்னார். உடைந்த சுவர் வழியாகப் பையோடு சரிவில் இறங்கினார். பனிமஞ்சு மூட ஆரம்பித்திருந்தது. கீழேயிருந்து 'டங்... டங்...' என்று சத்தம் வந்தது. இரும்பை இரும்பு தட்டும் சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது, சித்தப்பா வண்டியில் இருந்ததும் மாமா கடை மூட்டுதான்.

அரைமணி நேரம் கழித்து மூச்சு வாங்க ஏறி வந்தார். கையெல்லாம் கிரீஸ். 'கிரீச்' என்று வண்டி அவர் பக்கம் தாழ்ந்தது.

"அதைக் கழட்டிட்டீங்களா மாமா? நாளைக்கு ஆய்வாளர் வர்றாரே!"

"வரட்டும். இப்ப அதுல இருக்கிறது ஒரிஜினல்தான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் உண்மை பேசினார்.

"மூணு பேர் செத்திருக்காங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? அந்தக் கெழவன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருப்பான்."

'கிரீச்.'

பின்பக்கம், இடது.

திரும்பிப் பார்த்தேன். சீட் காலி. படுதா அசையவில்லை. காற்றும் இல்லை.

'கிரீச்.' பின்பக்கம், வலது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை... பிறகு மெதுவாக, வயசானவர் கம்பியைப் பிடித்து ஏறுவதுபோல, இன்னொரு 'கிரீச்'. எனக்கு நேர் பின்னால்.

"வண்டிய எடுடா" என்றார் மாமா. அவருக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தம். எனக்கு அப்படி இல்லை.

அந்த ரோட்டில் வண்டி திருப்ப இடம் கிடையாது. பன்னிரண்டாவது வளைவுக்கு மேலே போய்த்தான் திரும்ப முடியும். அப்புறம் மறுபடியும் பத்தாவது வளைவு வழியாகத்தான் இறங்க வேண்டும். இரண்டாவது கியரில் சாதாரணமாக ஏறுகிற ஏற்றம் அது. வண்டி இழுக்கவில்லை. முதல் கியருக்கு வந்தேன். அப்போதும் முனகிக்கொண்டுதான் ஏறியது. ஐந்து ஆள் பாரம். எனக்கு அது தெரியாமல் போகுமா?

முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தது. துடைத்தேன். உடனே படிந்தது. இரண்டு பேர் விடும் மூச்சுக்கு அவ்வளவு படியாது.

மேலே போய்த் திருப்பினேன். இறங்க ஆரம்பித்தபோது மணி ஆறு பத்து. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"மாப்ள..." மாமாவின் குரல் மாறியிருந்தது. "பின்னாடி யாரு?"

"யாரும் இல்ல மாமா."

"என் தோள்ல கை வச்சிருக்காங்கடா."

பார்த்தேன். கை எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் சட்டை அந்த இடத்தில் அமுங்கியிருந்தது. ஈரமாக இருந்தது.

"மாமா, அந்தப் பையத் தூக்கி வெளிய போடுங்க. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்ன தப்பு? எவனோ விக்கிறான், நானும் விக்கிறேன்..."

'டக்.'

முன்சக்கரத்திலிருந்து. ஸ்டியரிங் என் கையில் லேசாகிப்போனது. மலைப்பக்கம் ஒடித்தேன்... சும்மா சுற்றியது. எதோடும் ஒட்டாமல் சுற்றியது. எதிரே பத்தாவது வளைவு. உடைந்த சுவர்.

பிரேக்கில் ஏறி நின்றேன். அக்கா முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

'பாம்... பாம்...'

ஹாரன். நான் தொடவில்லை. இரண்டு தட்டு.

வண்டி நின்றது. விளிம்புக்கு ஒரு முழம் இருந்தது.

மாமா பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது.

"நெருக்காதீங்க..." என்றார் மாமா. என்னிடம் இல்லை. "ஐயோ, தள்ளாதீங்க..."

அவர் இறங்கவில்லை. இறக்கப்பட்டார்.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். "விட்டுடுங்க! எங்க அக்காவுக்கு யாரும் இல்ல!" என்று கத்தினேன்.

ஜில்லென்று ஏதோ என் விரல்மேல் பட்டது. சுண்டுவிரலைப் பிரித்தது. அடுத்தது... அடுத்தது... நிதானமாக. எனக்கு வலிக்காமல்.

கை காலியாகிவிட்டது.

'கிரீச்.'

'கிரீச்.'

'கிரீச்...'

மூன்று பேரும் இறங்கினார்கள். வண்டி லேசாகி மேலே எழும்பியது.

"மாமா!"

எட்டிப் பார்த்தேன். மஞ்சு மட்டும்.

"மாமா..."

கீழேயிருந்து 'டங்' என்று ஒரே ஒரு சத்தம்.

பிறகு யாரோ மூச்சு வாங்க மேலே ஏறி வரும் சத்தம். மாமாதான் என்று நினைத்தேன். கடவுளே என்று கும்பிட்டேன்.

கம்பியைப் பிடித்து, மெதுவாக...

'கிரீச்.'

எனக்கு நேர் பின்னால்.

வண்டி நகர ஆரம்பித்தது. ஸ்டியரிங் என் கைக்குள்ளேயே திரும்பியது. நான் திருப்பவில்லை. ஒன்பதாவது வளைவு... 'பாம், பாம்'. எட்டாவது... 'பாம், பாம்'. நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசி வளைவு தாண்டி, ஸ்டாண்டில் என் வழக்கமான இடத்தில் வண்டி ஒழுங்காகப் போய் நின்றது. ஒரு 'கிரீச்'. அவ்வளவுதான். யாரும் இல்லை.

அக்காவிடம் அன்று எப்படிப் பேசினேன் என்று கேட்காதீர்கள். என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான நேரம் கிடையாது.

மறுநாள் காலையில் மெக்கானிக் என் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என்னையே முறைத்தார். "இதை எப்படி ஓட்டிட்டு வந்தே?" என்றார். மூட்டின் குண்டு கிண்ணத்தை விட்டு முழுசாகக் கழன்று தொங்கியது. கிண்ணம் பிளாஸ்டிக். முந்தின மாதம்தான் மாமா, "உனக்குன்னே எடுத்து வச்சேன் மாப்ள" என்று சொல்லி மாட்டிவிட்டது. சொந்த மச்சினன் வண்டிக்கும் அதையேதான் மாட்டியிருக்கிறார் அந்த மனுஷன். அதைப் பார்த்த பிறகு அவருக்காக என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அக்காவுக்காகத்தான் அழுதேன்.

தீயணைப்புக்காரர்கள் மத்தியானம் அவர் உடலைக் கொண்டுவந்தார்கள். சரிவில் விழுந்து கிடக்கவில்லை. சித்தப்பா ஜீப்பில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாராம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் வெளியே வந்தார்.

"விழுந்த அடி இல்லம்மா. ஸ்டியரிங் நெஞ்சுல மோதி உள்ள நொறுங்கியிருக்கு. அந்த வட்டம் அப்படியே பதிஞ்சிருக்கு."

பக்கத்தில் நின்ற தீயணைப்புக்காரர் நிமிர்ந்தார். சித்தப்பாவின் உடலை மீட்டவரும் அவர்தான்.

"அந்த வண்டியில ஸ்டியரிங் ஏது டாக்டர்? போன வாரம் பெரியவர வெளிய எடுக்க நாங்கதான் அறுத்து எடுத்தோம். ஸ்டேஷன்லதான் கிடக்கு."