பந்தியில் ஒரு மோட்டார்

போன வாரம் ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு இடப்பக்கம் என் கணவர். வலப்பக்கம் அவர் தம்பி முனியசாமியின் மனைவி செல்வி. கணவருக்கு இலையில் கண்ணே இல்லை. இடது கையில் செல்போன். யாருக்குப் போன்?

மோட்டாருக்கு!

சிரிக்காதீர்கள். சொந்த ஊரான சிக்கலில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார். உள்ளே சிம் கார்டு, ஒரு பேட்டரி. எங்கிருந்து போன் போட்டாலும் மோட்டார் ஓடும், நிற்கும். மூன்று பேஸ் கரண்ட்டும் சரியாக வருகிறதா என்று அதுவே சோதித்துப் பார்க்கும். ஒன்று குறைந்தாலும் ஸ்டார்ட் செய்யாது. மோட்டார் காயில் கருகிவிடக் கூடாதே! நல்ல கண்டுபிடிப்புதான்... மறுக்கவில்லை.

ஆனால் அது வந்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராமநாதபுரம் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே போன். பஸ்ஸில் போன். டாக்டர் எதிரில் உட்கார்ந்துகொண்டு போன். முன்பெல்லாம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியைத்தான் கூப்பிடுவார். "மோட்டாரப் போடுப்பா" என்று ஆரம்பித்து, பிள்ளைகள் படிப்பு, மழை, மிளகாய் விலை என்று பேசி முடிக்க நெடுநேரம் ஆகும். இப்போது தம்பி எதற்கு?

பந்திக்கு வருவோம்.

"மூன்று பேஸ் மின்சாரம் இல்லை. மோட்டாரை இயக்க முடியாது" — போனில் ஒரு பெண் குரல். மறுபடி போட்டார். அதே குரல். மறுபடி... மறுபடி...

"சனியன் புடிச்ச பொட்டி!" என்று பல்லைக் கடித்தவர், கடைசியில் 'ஆட்டோ'வில் போட்டுவிட்டார். அதாவது, கரண்ட் வந்ததும் யாரையும் கேட்காமல் மோட்டார் தானே ஓடத் தொடங்கிவிடும். அப்பாடா என்று பாயசத்தை வழிக்க ஆரம்பித்தார்.

நான் செல்வி பக்கம் திரும்பி, ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன் — "தம்பி ஏன் வரல?"

"அவுக மோட்டார் ரூம்ல கெடக்காகக்கா. மோட்டாரையும் பம்பையும் சேக்குற எடத்துல ரப்பரு தேஞ்சு போச்சாம். இப்பத்தான் போன் போட்டாக. மூணு பேஸ் கரண்ட் போயிருச்சு, இதுதான் சமயம்னு கையை விட்டுக் கழட்டிக்கிட்டு இருக்காகளாம்."

கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏங்க! ஆட்டோவ நிறுத்துங்க! தம்பி கை மோட்டார்ல இருக்கு!"

அவர் பாயசக் கையோடு போனை அழுத்துகிறார், வழுக்குகிறது. டவர் ஒரே ஒரு கோடு. ஒருவழியாக லைன் கிடைத்தது. "வணக்கம். தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்..." அழுத்தினார். "மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும்..." அம்மா தாயே, சீக்கிரம் சொல்லித் தொலையேன்! கரண்ட் எந்த நொடியும் வரலாம். செல்வி எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆட்டோ நிறுத்தப்பட்டது."

அதற்குப் பிறகுதான் தம்பிக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். "என்னண்ணே?" என்று முனியசாமியின் குரல் கேட்டது. போனைப் பிடுங்கி நான்தான் கத்தினேன். "கைய எடுங்க தம்பி! மொதல்ல பீஸ் கட்டையப் புடுங்குங்க!"

மண்டபத்திலிருந்து நேராகச் சிக்கலுக்குக் கிளம்பினோம். காரில் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஏ.சி., வீட்டு கேட், கிணற்று மோட்டார்... எல்லாவற்றையும் எங்கிருந்தோ ஒரு விரலால் ஆட்டி வைக்கிறோம். அந்த முனையில் ஒரு ஆள் நிற்கலாம் என்று ஏன் தோன்றுவதே இல்லை? ஓடமாட்டேன் என்று அடம்பிடித்த பெட்டியை அத்தனை திட்டு திட்டினாரே... அந்த அடம்தான் அன்றைக்குக் கையைக் காப்பாற்றியது.

தோட்டத்தில் இறங்கியதும் தம்பியின் கைகளைப் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார் என் கணவர். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"எம்மேலயும் தப்புதாண்ணே" என்றார் முனியசாமி. "பீஸ் கட்டையப் புடுங்கிட்டுத்தான் கை வச்சிருக்கணும். கரண்ட்டுதான் இல்லையேன்னு விட்டுட்டேன்."

 அப்புறம் கேட்டார்.

"மோட்டாருக்கு அம்புட்டுத் தடவை போன் போட்டீகளே... எனக்கு ஒரு தடவை போட்டிருக்கக் கூடாதாண்ணே?"

இதற்குப் பதில் சொல்ல எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் அந்த அம்மாளைத்தான் கேட்க வேண்டும்!