எல்மா பெல்கோலாவும் அடுத்த வீட்டுப் பனியும்

எல்மா பெல்கோலாவுக்குப் பனியைக் கண்டாலே குமட்டும். மாவட்டத்தின் பனி ஒதுக்கும் லாரியை ஓட்டிப் பிழைக்கிறவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டால், "பல்லு புடுங்கறவருக்குச் சொத்தைப் பல்லு மேல ஆசையா என்ன?" என்று திருப்பிக் கேட்பாள்.

ஊரை ஒட்டிய பெரிய ஏரி சும்மா இருக்காது. அதன் ஈரத்தை அள்ளி வரும் குளிர்காற்று நவம்பரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரைக்கும் பனியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஏரிக்கரை வரை போகிற சுரங்க ரோடு முழுவதும் எல்மாவின் பொறுப்பு. ஆள் உயரத்துக்குப் பனி தள்ளும் முன்தகடு மாட்டிய ஆரஞ்சு நிற லாரி. எல்லாச் சக்கரமும் இழுக்கும். பின்னால் உப்பும் மணலும் கலந்த சரக்கு. அந்த உப்புத் தண்ணீர் அவள் பூட்ஸில் ஏறி, கால்சட்டையில் ஏறி, சமையலறைத் தரை வரைக்கும் வந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும். லாரி ஷெட்டில் ஆண்கள் ஈரக் கம்பளிக் காலுறைகளை ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். அந்த வாடைக்குப் பயந்தே அவள் தன் காப்பியை லாரியில் ஏறிக் குடித்தாள்.

ஆனால் வாடையெல்லாம் பெரிதில்லை. அவளுக்கு நிஜமாகவே வெறுத்துப்போனது மனிதர்களைத்தான்.

விஷயம் இதுதான். லாரி போகும்போது பனி வலது பக்கம் ஒதுங்கும். ஒதுங்கிய பனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு வரப்பாக விழும். விழுந்த கொஞ்ச நேரத்தில் சிமெண்டாக இறுகிவிடும். வீட்டுக்காரர் விடிகாலையில் எழுந்து, பனிவாரியைத் தள்ளித் தள்ளி, வாசலைப் பளிங்காக வைத்துவிட்டு நிமிரும்போது எல்மா வந்து சேருவாள். அப்புறம் என்ன? வண்டி வண்டியாகத் திட்டு. முஷ்டியைக் காட்டுவார்கள். ஒருத்தர் பனிவாரியையே லாரி மேல் வீசியிருக்கிறார். அதே ஆட்கள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் ஏலக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றி எல்மாவுக்காக ரோட்டோரத் தபால் பெட்டியில் தொங்கவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நம்ம வீட்டுப் பக்கம் மட்டும் தகட்டைக் கொஞ்சம் பார்த்துத் திருப்பினால் நல்லது என்று அர்த்தம். எல்மா ஒரு ரொட்டியையும் தொட்டதில்லை. அண்டங்காக்கைகள் கொத்தித் தின்றன.

"ஒருத்தனுக்கு விட்டா ஊரே வந்து நிக்கும். எவனுக்கும் கிடையாது. என் வீட்டுக்கும் கிடையாது" என்பாள். அப்படியேதான் செய்தாள். அவள் போட்ட வரப்பை அவள் புருஷன் அர்வோ தினமும் அள்ளினான். அதில் அவனுக்கு ஒரு பெருமை வேறு. "எம் பொண்டாட்டி ரோட்டுக்கே மகாராணி. நான் அவ போட்ட குப்பையை அள்றவன்" என்று கடையில் சொல்லிச் சிரிப்பான்.

வாசல் பெருமையாவது கையால் உழைத்து வந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள ஃபோர் வீல் வண்டிக்காரர்களின் பெருமை எல்மாவுக்கு அறவே ஆகாது. அதிலும் அடுத்த வீட்டு வெண்டல் ஹார்யு. தெற்கே டெட்ராய்ட்டில் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன். வரும்போதே ரத்தச் சிவப்பில் ஒரு பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தான். ஏறுவதற்கு ஏணி வேண்டும். "நாலு சக்கரமும் இழுக்குது எல்மா, பனியாவது ஒண்ணாவது!" என்று ஜன்னலை இறக்கிக் கத்துவான்.

"இழுக்கத்தான் உனக்கு நாலு. பிரேக் போட்டு நிக்கறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலுதான் வெண்டல்" என்று எல்மா பதில் கொடுப்பாள்.

அவள் பார்த்த வரையில் சாதாரணக் கார் வைத்திருப்பவன் ரோட்டோரம் மாட்டுவான். ஃபோர் வீல் வைத்திருப்பவன் இழுவை வண்டியும் போக முடியாத காட்டுக்குள் போய் மாட்டுவான். பிறகு அங்கிருந்து நடந்து வந்து, மூக்கில் சளி உறைந்து தொங்க, லாரியை மறிப்பான். சீ, என்ன ஜென்மங்கள் என்று அவளுக்கு வரும்.

அந்த வருஷம் நவம்பரில், மான் வேட்டைக் காலத்தில் அர்வோ காட்டில் ஒரு அடிமரத்தில் உட்கார்ந்துவிட்டான். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, முகம் சாம்பலாகி, எழுந்திருக்க முடியாமல். எல்மாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரத்தக் குழாயில் அடைப்பு. மருந்து கொடுத்தார்கள். வசந்தத்தில் அறுவை சிகிச்சை என்றார்கள். அதுவரைக்கும் குளிரில் நின்று பனி அள்ளக்கூடாது, அள்ளினால் அதுவே கடைசியாக இருக்கலாம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அர்வோ ஊரில் வாயுப் பிடிப்பு என்று சொன்னான். சுரங்க ரோட்டில் சொந்த வாசலைச் சுத்தம் செய்ய முடியாத ஆம்பளை என்றால் பாதி செத்தவன் மாதிரி. பரிதாபப்பட்டே மிச்சத்தையும் கொன்றுவிடுவார்கள். எல்மாவுக்கும் இது தெரியும். தெரிந்ததால் அவளும் வாயைத் திறக்கவில்லை.

"நான் வேலை முடிஞ்சு வந்து நம்ம பிக்கப்ல தள்ளிடறேன். அதுவரைக்கும் வரப்பு கெடக்கட்டும்" என்றாள்.

"மத்தியானம் வரைக்குமா? வீட்ல மனுஷன் இருக்கானா இல்லையான்னு கேக்க மாட்டான்?"

"எவன் கேப்பான்?"

"எல்லாவனும் கேப்பான். வெண்டல் மொதல்ல கேப்பான்."

"கேட்டுட்டுப் போறான். நீ செத்தா அவனா வந்து எனக்குக் காப்பி போட்டுக் குடுப்பான்?"

"மெதுவாத்தான் அள்றேன் எல்மா. ரெண்டு வாரி, ஒரு மூச்சு. ரெண்டு வாரி, ஒரு மூச்சு. கொழந்தை கூட அள்ளும்."

அவன் கேட்கவில்லை. டிசம்பர் முழுக்க அவள் தன் கையாலேயே புருஷன் வாசலில் வரப்பைப் போட்டுவிட்டு, பக்கக் கண்ணாடியில் அவன் வாரியை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தபடி ஓட்டினாள். வேலை மேலும் வெறுப்பு, அவன் மேலும் வெறுப்பு, யார் என்ன நினைப்பார்களோ என்று அவனைச் சாகத் துணியவைத்த இந்த ரோட்டின் மேல் எல்லாவற்றையும்விட வெறுப்பு.

ஜனவரியில் ஏரி மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலை எல்மா தன் வீட்டை நெருங்கும்போது, சாய்த்து வைத்திருந்த தகட்டை நேராக்கினாள். அவ்வளவுதான் வேலை. தகடு நேராக நின்றால் பனி பக்கவாட்டில் ஒதுங்காது, முன்னால் சேர்ந்துகொண்டே வரும். லாரி முக்கியது. அவள் வாசலில் ஒரு பிடிப் பனி விழவில்லை. ஆனால் சேர்த்த பனியை எங்கேயாவது விட்டாக வேண்டும். கொஞ்சம் தள்ளி, பிர்ச் மரங்கள் நிற்கிற காலி நிலம் இருந்தது. அதுவரைக்கும் முக்கிக்கொண்டு போயிருக்கலாம். எல்மா போகவில்லை. வெண்டலின் வாசல் வந்ததும் தகட்டைச் சாய்த்து, இரண்டு வீட்டுப் பனியையும் அங்கேயே கொட்டினாள்.

'நாலு சக்கரம் இழுக்குதுல்ல, இழுக்கட்டும்' என்று நினைத்தாள். இத்தனை வருஷம் காப்பாற்றிய வைராக்கியம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. தூ, நானும் இவர்களில் ஒருத்திதான் என்று தோன்றியது. ஆனாலும் கண்ணாடியில் தன் வாசல் சுத்தமாகக் கிடப்பதைப் பார்த்தபோது, நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

ரோடு முடிகிற இடத்தில் ஏரிக்கரையில் லாரியைத் திருப்பி நிறுத்தி, என்ஜின் மேல் வைத்துச் சூடாக்கிய மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டியை நிதானமாகத் தின்றாள். பிறகு எதிர்ப்பக்கத்தை ஒதுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

தூரத்திலேயே சிவப்பு தெரிந்தது. வெண்டல் வாரியைத் தொட்டிருக்கவே மாட்டான். வீட்டோரத்திலிருந்து வேகமாக வந்து வரப்பை மோதி உடைத்துவிடலாம் என்று பார்த்திருக்கிறான். வண்டி பாதி ஏறி, வயிறு வரப்பின் மேல் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் அந்தரத்தில். வெண்டல் ஸ்டியரிங்கைப் பிடித்து மிதிக்க மிதிக்க நாலும் ஜோராகச் சுற்றின. இழுக்கத்தான் ஒன்றும் இல்லை.

எல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குதிகாலில் அவள் கையால் ஒட்டுப் போட்ட பூட்ஸ். அசையவில்லை.

நடு ரோட்டில் லாரியை நிறுத்தினாள். விதிப்படி செய்யக் கூடாதது. இறங்கி ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது பூட்ஸ் ஒன்று அசைந்தது. அர்வோ மல்லாந்து படுத்து, வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருந்த பனியைக் குட்டை மண்வெட்டியால் குடைந்துகொண்டிருந்தான்.

"வெளிய வா."

ஊர்ந்து வந்தான். முகம் சாம்பல். மீசையில் வியர்வை உறைந்திருந்தது. ஆனால் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"எல்மா! இன்னிக்கு நம்ம வாசல்ல ஒண்ணுமே விழலடி. வேலையே இல்லாமப் போச்சு. சரி, வெண்டல் கத்தறானேன்னு வந்தேன்."

வெண்டல் ஜன்னலை இறக்கினான். "உம் பொண்டாட்டிக்கு எம் மேல என்ன கோவமோ, மலையைக் கொண்டாந்து கொட்டியிருக்கா. நல்லவேளை நீ இருந்தே. என்னமா தோண்டறான் பாரு எல்மா, எருமை மாதிரி!"

எல்மா மண்வெட்டியைப் பிடித்தாள். "குடு."

"விடு. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

"குடுன்னா குடு அர்வோ."

"எல்மா, கோனி ஜன்னல்லேருந்து பாக்கறா. மானத்தை வாங்காதே" என்றான் மெதுவாக. கோனி வெண்டலின் மனைவி. கையில் காப்பிக் கோப்பையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எல்மாவுக்குள் இத்தனை நாள் அடக்கி வைத்தது வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பாக்கட்டும்! எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்! வெண்டல், இவனுக்கு நெஞ்சுல அடைப்பு. பனி அள்ளினா செத்துருவான்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாயுவும் இல்ல, கீயுவும் இல்ல. எங்க வீட்டுப் பனியை நாந்தான் உன் வாசல்ல கொட்டினேன். வேணும்னேதான் கொட்டினேன். போய் ஆபீஸ்ல எழுதிக் குடு. ஆனா எம் புருஷன் உன் வண்டிக்கு அடியில சாக மாட்டான்."

வெண்டல் என்ஜினை அணைத்தான். அந்தரத்தில் சக்கரங்கள் சுற்றி ஓய்ந்தன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பார்த்தான். பிறகு, "அர்வோ... சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றான். நோயாளியிடம் பேசுகிற குரல் அதற்குள் வந்துவிட்டது.

அர்வோ அந்தக் குரலைக் கேட்டான். மண்வெட்டியைப் போட்டான். எல்மாவிடம், "அந்த வண்டிக்கு அடியிலயே கெடந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கையை வீசிக்கொண்டு, வேண்டுமென்றே விறைப்பாக நடந்து வீட்டுக்குள் போனான்.

சாயங்காலத்துக்குள் ரோடு முழுக்கத் தெரிந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அர்வோ, உப்பு வேண்டும் என்றாலும் எழுந்துபோய் அவனே எடுத்துக்கொண்டான்.

மறுநாளும் பனி. எல்மா தன் வீட்டை நெருங்கியபோது வாசலில் வெண்டல் நின்றான். கையில், கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புதுப் பனிவாரி. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தர் லாரி மேல் வாரியை வீசிய அதே மகராசன். வெண்டல் கையை ஆட்டி, "போடு எல்மா, போடு! நாங்க அள்ளிக்கறோம்!" என்று கத்தினான்.

அவள் தகட்டைச் சாய்த்தபடியே போனாள். வரப்பு விழுந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த அந்த நல்ல குணத்தைப் பார்க்க அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. முஷ்டியைக் காட்டியபோதுகூட இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

சமையலறை ஜன்னலில் அர்வோ நின்றிருந்தான். பெண்டாட்டி போட்ட பனியை ஊரார் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு. எல்மா கையைத் தூக்கினாள். அவன் அவளை நேராகப் பார்த்தான், பிறகு திரையை இழுத்து மூடிக்கொண்டான்.

திரையை மூடினவன் உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று ஏரிக்கரை வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓட்டினாள். திரும்பி வரும்போதும் சொல்லிக்கொண்டே வந்தாள். போதவில்லை.