கழிக்க வேண்டிய அறுநூற்றுப் பத்து

பிரெஷோவ் ஊர் கிரேக்கக் கத்தோலிக்கச் சபை அலுவலகத்தில் மெலானியாவுக்கு என்ன வேலை தெரியுமா? எந்தச் சாமியாரின் பூசையை இணையத்தில் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று எண்ணுவது. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. வருஷத்துக்கு ஆயிரத்தைத் தொடாத கோயிலில் நேரலையை நிறுத்திவிட்டு, கேமராவை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மலைக்கிராமத்து மெத்தோத் சாமிக்கு இந்த வருஷம் ஆயிரத்து நாற்பது. அதில் அறுநூற்றுப் பத்து மெலானியாவே பார்த்தது. சாயங்காலம் அடுப்பில் பிரோஹிக் கொழுக்கட்டை வேகும்போது அவர் பாடுவதைக் கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவர்கள் சபையில் சாமியாருக்குப் பெண்டாட்டி இருக்கலாம். ஆனால் குருப்பட்டத்துக்கு முன்பே கட்டிக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் முடியாது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், பட்டத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது மெத்தோத் வந்து மெலானியாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, ஒரு வருஷம் பொறு" என்றாள். ரோஷக்காரன், தனியாகவே போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டான். அடுத்த இரண்டே மாசத்தில் அம்மா எழுந்து சந்தையில் முட்டைக்காரியோடு மல்லுக்கு நின்றாள். பாவி மனுஷன், அந்த இரண்டு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?

அலுவலக ஆட்கள் பார்த்ததைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு அனுப்ப வேண்டும். பக்கத்து மேஜை ஷோஃபியா எட்டிப் பார்த்தாள். "அடியேய், அறுநூத்திப் பத்தா! இது பக்தியாடி?" சிரித்தவள், தோழியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "விடு, கழிக்காம அனுப்பு. யாரு கேக்கப் போறா?"

மெலானியாவுக்கும் ஆசைதான். அந்தக் குரலும் போய்விட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. கணக்கு கேட்டு வருஷா வருஷம் அழைக்கும் மெத்தோத் சாமிதான்.

"எவ்வளவு வந்திருக்குங்க?"

"ஆயிரத்து நாப்பது சாமி." அவரிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "அதுல அறுநூத்திப் பத்து ஆபீஸ் ஆளு பார்த்தது."

"எத்தனை பேரு?"

"ஒரே ஆளு."



"மெலானியா." பட்டம் வாங்கின பிறகு அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஒரே ஒரு தடவை கோயிலுக்கே வந்திருக்கலாமே."

"வந்தா திரும்பிப் போக மனசு வராதே சாமி."

போனை வைத்துவிடுவாரோ என்று பயந்தாள்.

"கழிச்சுடு," என்றார் கடைசியில். "நீதான் கேக்குறேன்னு தெரிஞ்சப்புறம் என்னால கடவுளுக்குப் பாட முடியாது."

மெலானியா கழித்தாள். மிச்சம் நானூற்று முப்பது.