பேர் சொல்லாத நேர்த்தி

தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பிடிக்கவேயில்லை. ஒருவருக்கும் சொல்லாமல், பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சையை மறுபடி எழுதினேன். பெறுபேறு முன்னதைவிட நன்றாக வந்தது. ஆனால் புதிதாக விண்ணப்பிப்பதென்றால் கையிலிருக்கும் இடத்தை முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். மற்றது கிடைக்காவிட்டால் இரண்டும் இல்லை. முடிவுத் திகதி நாளை.

பெறுபேறு வந்தபிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு வேறு பயம்.

"கம்பஸ் கிடைக்கோணும் எண்டு நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைச்சனான். கிடைச்சுது. பொங்கிப் படைச்சும் போட்டன். இனி என்ன முகத்தோடை திரும்பக் கேக்கிறது?"

"எந்தக் கம்பஸ் எண்டு நீங்கள் சொல்லேல்லையே அம்மா!"

நயினாதீவுக்கு வள்ளம் ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று கத்தினேன். வள்ளத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வள்ளம் கடலைக் கடந்து எங்களைத் தீவில் இறக்கியது. கோயில் வாசலில் அம்மா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி, இந்த முறை பிழை விடமாட்டன். எந்தக் கம்பஸ், என்ன படிப்பு? வடிவாச் சொல்லு. அப்பிடியே கேக்கிறன்."

வாயைத் திறந்தேன். விட்டுவிட்டு வர நினைத்த இடத்தின் பெயர் மட்டும்தான் நாக்கில் வந்தது.