தீபாவளியன்று எல்லோருக்கும் டிராக்டர்

1. ஒரே தேதி

புரட்டாசி மாதத்தில் ஒரு காலை. கோவில்பட்டியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் இருக்கிறது. படிக்கட்டில் கிரேஸ் அக்கா ஏறி வரும் வேகத்திலேயே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நான் மானிட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். நான் இந்த வேலைக்கு வந்ததற்கு முக்கியக் காரணமே மானிட்டர்தான். அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று நம்பினேன்.

“எங்கட்டி அவ? பிரேமா! ஒளியாத, ஒங் கொண்ட தெரியுது.”

எழுந்து நின்றேன்.

கிரேஸ் அக்காவுக்குப் பசுவந்தனையில் மூன்று டிராக்டர்கள். சுற்றியுள்ள கரிசல் காடுகளில் உழவும் விதைப்பும் பெரும்பாலும் அவர் வண்டிகள்தான். யாருக்கு எப்போது முறை என்பதையெல்லாம் அக்கா மனதிலேயே வைத்திருந்தார். முந்தின வருஷம் ஒரே முறையை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார். அதில் சுப்பையா அண்ணாச்சி என்ற விவசாயிக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் நிலம் காய்ந்துவிட்டது. அந்த வருஷம் அவர் காட்டில் வேலிக்கருவை மட்டும்தான் முளைத்தது. அதற்குப் பிறகுதான் அக்கா எங்களிடம் வந்து, முறையைப் பதிவு செய்ய ஒரு வெப் அப்ளிகேஷன் கேட்டார். விவசாயி செல்போனில் லிங்க்கைத் திறந்து பேர், ஊர், ஏக்கர், பயிர், தேதி கொடுத்தால் போதும். எழுதியது நான்.

என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. டைப் அடிக்கத்தான் இந்த சென்டரில் சேர்ந்தேன். ப்ரோகிராம் எழுதுவதை வீடியோ பார்த்துப் பாதியும், திரையில் வந்த எரர்களைப் பார்த்து மீதியும் கற்றுக்கொண்டேன்.

அக்கா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “பாரு. ஊரு பூரா தீபாவளியன்னைக்கு வண்டி கேட்டுருக்கு.”

பார்த்தேன். உண்மைதான். முதலில் வந்த முன்பதிவெல்லாம் தீபாவளி தேதியில் இருந்தது. மூன்று வண்டிக்கும் தீபாவளி நிரம்பியதும், ‘அன்று வண்டி இல்லை, வேறு தேதி கொடுங்கள்’ என்று என் ப்ரோகிராம் மரியாதையாகச் சொல்லியிருந்தது. மீதிப் பேர் பொங்கலுக்குப் போய்விட்டார்கள்.

“பொங்கலுக்கு உளுந்து அறுத்து வீட்டுக்கே வந்துருக்கும். அப்ப விதைக்கப் போறாவளாம்” என்றார் அக்கா.

சென்டர் முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “அன்னைக்கு நல்ல முகூர்த்தமா இருக்குமோ?”

“ஆமா, கலப்பைக்குக் கல்யாணம். நீங்க மொய் எழுதுங்க.”

அக்கா அங்கேயே சுப்பையா அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “அண்ணாச்சி, எதுக்குத் தீபாவளிய போட்டிய?”

“தேதி போடாம உள்ள விடமாட்டேங்குதே தாயி. செவப்பா ஒரு நட்சத்திரத்தக் காட்டி மெரட்டுது. தீபாவளின்னா எப்படியும் வீட்ல இருப்போம்லா, அதான் போட்டேன். எல்லார்ட்டயும் அப்படியே போடச் சொன்னேன்.”

“வண்டி எப்ப வேணும்?”

“இது என்ன கேள்வி? மழை பெஞ்ச மூணாம் நாள்.”

“மழை எப்ப பெய்யும்?”

“அத ஒங்க கம்ப்யூட்டர்ட்ட கேளு.”

2. தேதி என்ற பெட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். கரிசல் மண்ணில் மழை பெய்த அன்றே டிராக்டரை இறக்கினால் அது திரும்பி வராது. டயரில் மண் ஒட்டி, ஒட்டின மண்மேல் மண் ஒட்டி, யானைக்கால் மாதிரி ஆகிவிடும். ஒரு வாரம் பொறுத்தால் மண் இறுகி வெடிக்கத் தொடங்கிவிடும். இடையில் இரண்டு மூன்று நாள்தான் பதம். அதனால் இந்தப் பக்கத்தில் வண்டிக்குச் சொல்லி வைக்கிறவர் தேதி சொல்ல மாட்டார். மழையிலிருந்து எத்தனையாவது நாள் என்றுதான் சொல்வார்.

நான் பிறந்தது புதூர்ப் பக்கம். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஃபார்ம் எழுதும்போது, பாதி வேலையை முன்கூட்டியே செய்து தரும் ஃபிரேம்வொர்க்கில், தேதி வாங்குவதற்கு டேட் ஃபீல்ட் என்று ஒரு பெட்டி தயாராக இருந்தது. எடுத்து வைத்து, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதற்கான சிவப்பு நட்சத்திரத்தையும் பக்கத்தில் போட்டுவிட்டேன். தயாராக இருக்கும் பெட்டியைப் பார்த்தால், அதில் போடச் சாமான் இருக்கிறதா என்று யாரும் யோசிப்பதில்லை.

அக்கா கிளம்பும்போது சொன்னார். “ஐப்பசி மழைக்குள்ள சரி பண்ணிரு. சுப்பையா அண்ணாச்சி போன வருசம் ஒண்ணும் பேசாம போனாவ. இந்த வருசமும் அவிய காடு தவறிச்சுன்னா ஒருத்தரும் என்ட்ட வரமாட்டாவ, வெளியூரு வண்டியக் கூப்புட்டுக்கிடுவாவ. நான் மூணு வண்டியையும் வாசல்ல நிறுத்தி ஜெபம் பண்ண வேண்டியதுதான்.”

3. அக்காவுக்குத் தெரியும்

தங்கராஜ் அண்ணாச்சி சுருக்கு வழி சொன்னார். “டெக்ஸ்ட் ஃபீல்டா மாத்திரும்மா. அவிய இஷ்டத்துக்கு எழுதட்டும்.”

மாற்றினேன். ‘மழை பெஞ்ச மூணாம் நாள்’, ‘ஈரம் பாத்து’, ‘புதூர்ல பெஞ்சா சொல்லுங்க’ என்றெல்லாம் வந்தது. எல்லோருக்கும் திருப்தி. கம்ப்யூட்டர் மட்டும் அவற்றை அகர வரிசையில் அடுக்கியது. ‘அக்காவுக்குத் தெரியும்’ என்று எழுதின ஒருவருக்கு முதல் முறை கிடைத்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி” என்றார் அக்கா.

அடுத்து நாள் எண்ணிக்கையை மட்டும் வாங்கினேன். மூன்று என்றால் மழையிலிருந்து மூன்றாம் நாள். எந்த மழையிலிருந்து? பசுவந்தனையில் பெய்வது புதூரில் பெய்வதில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நனைந்து அந்தப் பக்கம் காய்ந்து கிடப்பதை நானே பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். ஆக, ஊரும் வேண்டும், நாளும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு மதிப்பு. தனித்தனியாகப் பிரித்தால் இரண்டுக்கும் அர்த்தம் இல்லை.

பதிவுகளைச் சேமித்து வைக்கும் எங்கள் டேட்டாபேஸில் நாமே புதிதாக ஒரு டைப், அதாவது ஒரு வகை, உருவாக்கிக்கொள்ளலாம். எண், எழுத்து, தேதி மாதிரி ‘மழைநாள்’ என்று ஒரு டைப். உள்ளே ஒரு ஊர், ஒரு எண். எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. கேள்வி கேட்டது ஃபிரேம்வொர்க்தான். அதற்கு மழையைத் தெரியாது. நாம்தான் ஒரு கஸ்டம் ஃபீல்ட் எழுதி அறிமுகப்படுத்த வேண்டும். டேட்டாபேஸில் இதற்கு என்ன பெயர், ஃபார்மில் விவசாயி கொடுப்பதை எப்படிப் புரிந்துகொள்வது, டேட்டாபேஸுக்கு அனுப்பும்போது எப்படிக் கட்டுவது, அங்கிருந்து வாங்கும்போது எப்படி அவிழ்ப்பது என்று நான்கும் சொல்லித் தர வேண்டும்.

நான் மூன்றைச் சொல்லித் தந்தேன். அவிழ்ப்பதை மறந்துவிட்டேன்.

இந்தத் தப்பு உடனே தெரியாது. பதிவு செய்த கையோடு பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும், ஏனென்றால் நாம் கொடுத்ததே இன்னும் கையில் இருக்கிறது. மறுபடி திறக்கும்போதுதான் டேட்டாபேஸிலிருந்து வரும். காலையில் பார்த்து மகிழ்ந்த அக்கா சாயங்காலம் போன் செய்தார்.

“இது என்னட்டி, சுப்பையா பேருக்கு எதுக்க அடைப்புக்குறிக்குள்ள பசுவந்தனை, கமா, மூணுன்னு வருது? பசுவந்தனைய மூணால பெருக்கணுமா, வகுக்கணுமா?”

தங்கராஜ் அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவிழ்க்கிற வேலையையும் எழுதிச் சேர்த்தேன். அதற்குப் பிறகு திரையில் ‘பசுவந்தனை, மழைக்கு மூன்றாம் நாள்’ என்று வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ‘மழை’ என்று ஒரு பட்டன் வைத்தேன். மழை பெய்தால் அக்கா அமுக்குவார். அந்த ஊர்க்காரர்கள் அனைவருக்கும், கேட்ட நாளையும் பதிவு செய்த வரிசையையும் பார்த்துத் தேதி தானாக விழும். ஒருவர் தேதியைத் தவறவிட்டால் அந்த இடம் காலியாகி அடுத்தவருக்கு வண்டி போகும்.

தங்கராஜ் அண்ணாச்சி அந்த வாரமெல்லாம் காலையில் வந்ததும் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பார். “மேகம் எட்டயபுரம் வந்துட்டும்மா. ஒன் கோடு எங்க வந்துருக்கு?”

4. புழுதி அடங்கின மழை

ஒரு நாள் பசுவந்தனையில் தூறியது. அக்காவுக்கு இருந்த ஆசையில், காயப்போட்ட துணியை எடுக்கப் போகுமுன் பட்டனை அமுக்கிவிட்டார். ஊர் முழுக்க எல்லோர் போனிலும் ‘நாளை மறுநாள் முதல் உங்கள் ஊர் முறை’ என்று மெசேஜ். சுப்பையா அண்ணாச்சி இந்த முறை நேரே சென்டருக்குப் போன் செய்தார். எடுத்தது நான். வேறு ஆள் இல்லை.

“தாயி, நேத்துப் பெஞ்சது மழையா?”

“அக்கா பட்டன...”

“ஒரு ஆடு கூட ஒதுங்கல. புழுதி அடங்குச்சு, அம்புட்டுதான். உழவு மழைன்னா தெரியுமா, தெரியாதா?”

தெரியும். எங்கள் பக்கம் மழையை உழவில்தான் சொல்வோம். ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்று. எத்தனை முறை உழுகிற அளவுக்கு மண் நனைந்தது என்று அர்த்தம். இரண்டு உழவு மழை என்றால் காய்வதற்கும் அதிக நாள் ஆகும். ‘மழைநாள்’ டைப்பில் மூன்றாவதாக உழவையும் சேர்த்தேன். பட்டனை அமுக்கினால் ‘எத்தனை உழவு?’ என்று கேட்கும். ஒன்றுக்குக் குறைந்தால் ஒன்றும் செய்யாமல் ‘சரி அக்கா’ என்று மட்டும் சொல்லும்.

5. கால் அமுங்குது

ஐப்பசியில் நிஜ மழை வந்தது. பசுவந்தனைக்கு இரண்டு உழவு. அக்கா பட்டனை அமுக்கினார், தேதிகள் விழுந்தன, வண்டிகள் கிளம்பின. நான் மானிட்டருக்குப் பின்னால் நிம்மதியாக ஒரு கடலைமிட்டாய் பிரித்தேன். பாதி தின்னுமுன் போன்.

“பிரேமா, கெட்டுது குடி! சுப்பையா அண்ணாச்சிக்கு இன்னைக்கு மொறை. அவிய காடு பள்ளத்துல கெடக்கு, இன்னும் பதம் வரலையாம். ‘நாளைக்கு அனுப்பு’ன்னாவ. நான் தேதிய அழிச்சேன். அவிய பேரு அடியில போயிருச்சு! அவியளுக்கு முன்னால ஊரே நிக்குது.”

கடலைமிட்டாயைக் கீழே வைத்தேன். தேதியை அழித்தால் அந்த இடம் காலி. டேட்டாபேஸ் அடுக்கும்போது காலியானதைக் கடைசியில்தான் வைக்கும். கடைசி முறை வருவதற்குள் அவர் நிலம் இறுகிவிடும். அதே மனிதர், அதே நிலம், இரண்டாவது வருஷம்.

“பழைய தேதியையே போட்டா?” என்றேன்.

“வண்டி இப்பவே அங்க போயி நிக்கும். இறக்குனா டயர் புதையும். இங்க அடுத்த ஆளு வேற கத்துதாவ. நீ வா.”

“நானா?”

“பின்ன, மானிட்டரா வரும்?”

தங்கராஜ் அண்ணாச்சி லேப்டாப்பை என் கையில் கொடுத்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

பசுவந்தனையில் இறங்கிச் சுப்பையா அண்ணாச்சி காட்டுக்குப் போனேன். அக்காவும் அவரும் அடுத்த முறைக்காரர் ஒருவரும் வரப்பில் நின்று ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. பேசாமல் நின்றேன்.

“எம் மொறைய விட்டுட்டேன்னு நான் சொன்னேனா?” என்றார் சுப்பையா அண்ணாச்சி. “மொறை என்னோடதுதான். மண்ணு வரல, நான் என்ன செய்ய?” ஒரு காலை நிலத்தில் வைத்துக் காட்டினார். கணுக்கால்வரை இறங்கியது. செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

“அதுவரைக்கும் வண்டி சும்மா நிக்கணுமா?” என்றார் அடுத்த முறைக்காரர்.

“எதுக்கு நிக்கணும்? ஒம்ம காடு மேட்டுல காஞ்சு கெடக்குல்லா, கொண்டு போரும். எனக்குப் பதம் வந்த ஒடனே அந்த வண்டி மொதல்ல இங்கன வரணும். அம்புட்டுதான வே வழக்கம்? இதுக்கு எதுக்குக் கோவில்பட்டியிலருந்து ஆளு?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் வரப்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

தேதி தெரியாத எல்லோரையும் நான் ஒரே காலியில் போட்டு வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாதவரும் காலி. முறையை விட்டுப்போனவரும் காலி. முறையைக் கையில் பிடித்துக்கொண்டு மண்ணுக்காக நிற்கிறவரும் காலி. மூன்றாமவர் காலி இல்லை. அவரிடம் ஒரு பதில் இருக்கிறது, அதில் எண் மட்டும் இல்லை. ‘மழைநாள்’ டைப்புக்குள் ‘பதத்துக்குக் காத்திருக்கிறார்’ என்று ஒரு நிலை சேர்த்தேன். அந்த நிலையில் இருப்பவர் வரிசையில் தன் இடத்தில் அப்படியே இருப்பார். வண்டி அவரைத் தாண்டிப் போகும். அவர் ‘பதம் வந்தாச்சு’ என்றதும் ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடிந்த கையோடு வண்டி அவரிடம் வரும். கட்டுவது, அவிழ்ப்பது இரண்டிலும் மறக்காமல் சேர்த்தேன்.

அக்கா போனில் முறைப் பட்டியலைத் திறந்தார். சுப்பையா அண்ணாச்சி பேர் அடியிலிருந்து எழும்பித் தன் இடத்தில் வந்து நின்றது. மேட்டுக்காட்டுக்கு வண்டி போனது. மறுநாள் மதியம் சுப்பையா அண்ணாச்சியே போனில் பட்டனை அமுக்கினார். அன்று இருட்டுவதற்குள் அவர் காட்டில் உளுந்து விதைத்து முடித்துவிட்டார்கள். கார்த்திகை தொடங்கும்போது அது பச்சையாக நின்ற படத்தை அக்கா அனுப்பினார். கீழே, ‘புதூர்ல மீதிப் பேரும் லிங்க் கேக்காவ, அனுப்பு’ என்று எழுதியிருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போடுமுன், அதில் போட வேண்டியது அந்த ஆளிடம் அன்றைக்கு இருக்குமா என்று பாருங்கள். இல்லாததைக் கட்டாயப்படுத்திக் கேட்டால் பொய்தான் பதிவாகும், அதுவும் தப்பில்லாத வடிவத்தில். இன்னொன்று, ப்ரோகிராம் ஓடுகிற இடத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். என்னைப் போலப் பேசக் கூச்சமாக இருந்தால் பேச வேண்டாம். போய் நின்றால் போதும். நாம் கேட்க வேண்டியதை மற்றவர்களே பேசிவிடுவார்கள்.